பழைய கெர்னலும் மிச்ச மருந்தும்

திங்கட்கிழமை காலையில் பிளேட் ரூமுக்குள் நுழைந்தபோது சர்வரின் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓடும், ஓர் இடத்தில் நிற்கும், திரை கறுத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து ஓடும். அச்சு ஓட்டும் மிஷின்மேன்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெரிய பதற்றம் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு நாள் வரலாம் என்று தெரிந்துதான் முந்தின நாளே அதற்கு வழி செய்து வைத்திருந்தேன். பையை ஆணியில் மாட்டினேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க. பளசுக்கு மாத்தி விட்டுர்றேன்" என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன். அம்புட்டுத் தெனாவெட்டு எனக்கு.

எங்கள் அச்சகம் திருத்தங்கலில் இருக்கிறது. பட்டாசு லேபிளும் அட்டைப்பெட்டியும்தான் முக்கால்வாசி வேலை. மிச்சத்துக்குக் காலண்டர். டிசைன் போடுகிறவர்கள் எந்த மூலையில் உட்கார்ந்து போட்டாலும் அது இந்த ஒரு சர்வருக்குள் வந்து, புள்ளி புள்ளியாக உடைந்து, பிளேட் மிஷினுக்குப் போக வேண்டும். பிளேட் வந்தால்தான் அச்சு ஓடும். சர்வர் படுத்தால் மொத்தக் கட்டடமும் கொட்டாவி விடும். அதைப் படுக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அதில் ஓடுவது ஒரு யூனிக்ஸ் வகை சிஸ்டம். நிலையான வெர்ஷனைத்தான் முதலில் போட்டேன். புதிதாக வாங்கிய அந்தப் பெட்டியில் டிஸ்க்கை இயக்குவதற்கு இருந்த டிஸ்க் கார்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டெவலப்மென்ட் வெர்ஷன் மட்டும்தான் பார்த்தது. நிலையான வெர்ஷன் என்பது ஊரே சாப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன குழம்பு. டெவலப்மென்ட் வெர்ஷன் அடுப்பில் கொதிக்கும்போதே கரண்டியில் எடுத்து நாக்கில் வைப்பது. ருசியும் தெரியும், நாக்கும் வேகும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் அதில் ஏறினேன். ஏறிய பிறகு நின்ற இடத்தில் நிற்கவும் முடியாது. இன்று இருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் அடுத்ததற்குப் போக வேண்டும், அதில் வேறு ஓட்டை இருக்கும்.

அதனால் நான் கோழை மாதிரித்தான் நகர்வேன். முதலில், இந்த சிஸ்டத்தை எழுதுகிறவர்கள் வெளியிடும் எச்சரிக்கைக் குறிப்பை வரி விடாமல் படிப்பேன். பிறகு வீட்டில் இருக்கும் பழைய பெட்டியில் ஏற்றிப் பார்ப்பேன். அது பிழைத்தால்தான் அச்சகத்துக்கு. அங்கேயும் ஓடிக்கொண்டிருப்பதை அப்படியே முழுசாக ஒரு நகல் எடுத்து, தனியாக ஒரு டிஸ்க்கில் இன்னொரு நகலும் எடுத்துக்கொண்டுதான் கையை வைப்பேன். முதலில் கெர்னல். மற்ற எல்லாம் யார் தோள்மேல் ஏறி நிற்கிறதோ அதுதான் கெர்னல். அதை மாற்றி, எழுப்பிப் பார்த்து, நின்றால் பிறகு மற்றதை மாற்றுவேன். வரிசை மாறினால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்தான். எல்லாம் முடிந்தபின், டிஸ்க்கின் அமைப்பையும் புதுமுறைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று ஒரு வரி வந்து கொஞ்சும். அதற்கு மட்டும் மசியவே மாட்டேன். அதை மாற்றிவிட்டால் பழைய கெர்னலுக்கு அந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது, திரும்பும் பாதை அடைந்துபோகும். பழையதன் நகல், சர்வர் எழும்போது வரும் பூட் மெனுவில் இரண்டாவது வரியாக அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் வேலை வாங்கிப் பார்த்த பிறகுதான் அதை நீக்குவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் செய்தேன். என் கூட என் வீட்டுக்காரர் இருந்தார்.

அவர் அச்சகத்துக்காரர் இல்லை. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். வெடிமருந்து கலக்கும் ரூம்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அங்கே அவருக்கு ஒரே ஒரு மதம்தான் உண்டு. கலந்த மருந்தில் ஒரு சிட்டிகைகூட ராத்திரிக்கு மிச்சம் இருக்கக் கூடாது. அன்றன்றைக்குக் கலந்தது அன்றன்றைக்குத் தீர வேண்டும். தீராததைத் தூரத்தில் கொண்டுபோய் அழித்து, ரூமைக் கழுவி, ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். மற்றவர்கள் பஸ் ஏறி வீடு வந்து காபி குடித்து முடித்திருப்பார்கள். இவர் வண்டிச் சத்தம் கேட்காது. ஆறிய சோற்றை வைத்துக்கொண்டு நான் கத்துவேன். "மிச்சம் இருக்க எடத்த விட்டு போர்மேன் வரக் கூடாது" என்பார், கை கழுவிக்கொண்டே.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், வேறு யாரோ மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் அவர் ஆலைக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது அந்த ரூமின் கதவை ஒருவர் திறந்தார். வெடித்ததில் திறந்தவர் பிழைக்கவில்லை. ஓடிப்போய்த் தூக்கப் போன என் வீட்டுக்காரருக்கு இடது கை முழங்கை வரை வெந்தது.   ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இனி மருந்துப் பக்கம் போகக் கூடாது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கை ஆறிய பிறகு என் முதலாளியிடம் சொல்லி அவரை எங்கள் அச்சகத்திலேயே சேர்த்தேன். பிளேட்டுகளை அடுக்குவது, லோடு போகும்போது சரிபார்ப்பது, என் பிளேட் ரூமில் டிஸ்க் நிறைந்தால் முடிந்துபோன டிசைன்களைக் காலி செய்வது. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மனசு அங்கே இல்லை. ஏசி காற்றில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இங்கன எதுக்கும் யாரும் சாகப் போறதில்ல. எனக்கு என்ன சோலி இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். மற்றவர்களுக்கு அது நிம்மதி. அவருக்கு அது அவமானம் மாதிரி இருந்தது. இந்த மனுசனை என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

தீபாவளி சீசன் நெருங்க நெருங்கப் பழைய ஆலை முதலாளி போன் போட ஆரம்பித்தார். திரும்ப வாங்க, உங்களை மாதிரி ஆள் கிடையாது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த போனுக்கு இவர் "நாளைக்கு முடிவு சொல்றேன் முதலாளி" என்றதை நான் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று கேட்டேன். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

ஆகவே அச்சகத்துக்குப் போகும்போது அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிக்கொண்டே செய்தேன். இதற்கு முந்தைய அப்கிரேடு முடிந்து நாளான பிறகு, பழைய நகலை நீக்கும் கட்டளையை நான் சொல்லச் சொல்ல அவர்தான் தட்டினார். அதை அவர் மறக்கவில்லை. இந்த முறையும் கவனமாகவே பார்த்தார். புதிய கெர்னல் ஏறியது. எழுந்தது. மற்றதும் ஏறியது. ஒரு கம்பிமத்தாப்புப் பெட்டியின் டிசைனை அனுப்பிப் பிளேட் எடுத்துப் பார்த்தோம், மயிலின் தோகை மயிரிழை பிசகாமல் வந்திருந்தது.

"நல்லா ஓடுது" என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நீ போ. நான் அடைச்சிட்டு வாறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். ஆனால் முகத்தில் வேலை முடித்த ஆளின் களை இருந்தது. ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். ஆளுக்கு இங்கே மனம் ஒட்டிவிட்டது, நாளைக்கு அந்தப் போனுக்கு வரமாட்டேன் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நானாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். என்ன நடந்தது என்று ஓடும் எழுத்துகளிலிருந்தே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு டிசைனை அனுப்பியபோது ஒழுங்காக இருந்த புதிய கெர்னல், காலையில் சீசன் டிசைன்கள் மொத்தமாக வந்து விழுந்ததும் அந்த டிஸ்க் கார்டிடம் தோற்று மயங்கிவிட்டது. மயங்கி எழுந்ததும் பாதியில் விட்ட வேலையைத் தானே எடுக்கும். எடுத்ததும் மறுபடி மயங்கும். டெவலப்மென்ட் வெர்ஷனில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மெனுவில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தால் பழையது எழுந்து உட்காரும், நான் டீ குடிக்கலாம்.

மெனு வந்தது. ஒரே ஒரு வரிதான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மறுபடி ஆஃப் செய்து எழுப்பிப் பார்த்தேன். ஒரே வரி.  டிஸ்க்கே போய்விட்டதா?  மேஜை இழுப்பறையிலிருந்து அந்தத் தனி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு டிசைன் போடும் பெண்ணின் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். செருகினேன். திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

 டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் ஒன்று கெடும். இரண்டும் ஒரே ராத்திரியில் எப்படிக் கெடும்? யாரோ வெளியிலிருந்து உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். எந்தப் பாவி, எந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு, திருத்தங்கலில் இருக்கிற ஒரு லேபிள் கம்பெனிக்குள் வந்து இதைச் செய்தான் என்று வாய்விட்டே திட்டினேன்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "என்னம்மா, பிளேட்டு வரலன்னு ஆளுக உக்காந்திருக்காக. அச்சங்குளத்து ஆர்டர் இன்னைக்கு லோடு ஏறணுமே" என்றார்.

"பாத்துக்கிட்டிருக்கேன் முதலாளி. ஏத்திருவோம்" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்ன, ஒடம்பு முடியலயா" என்றார்.

"யாரோ உள்ள பூந்துட்டாங்க. பளச அம்புட்டையும் அளிச்சிட்டுப் போயிட்டாங்க. மெனுல இருந்தத, டிஸ்க்குல இருந்தத, ஒண்ணு விடல."

அவர் டீயை மேஜையில் வைத்தார். "யாரும் பூரல. நேத்து நாந்தான காலி பண்ணேன்" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு நிறைவு இருந்தது. அதுதான் என்னை அடித்துப் போட்டது. தப்புச் செய்தவர் குரல் இல்லை அது. மாலையில் ரூமெல்லாம் கழுவிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வருகிற போர்மேன் குரல்.

"நீங்களா?"

"புதுசு நல்லா ஓடுதுன்னு நீதான சொன்ன. பெறகு பளச எதுக்கு ராத்திரி உள்ள வைக்கணும்? ஒரு எடத்துல ஒரே சோலிக்கு ரெண்டு இருக்கக் கூடாதுல்ல. மெனுல இருந்தத நீ அன்னைக்குச் சொல்லிக் குடுத்தபடி எடுத்தேன். டிஸ்க்குலயும் அதேதான் இருந்துச்சு. தொடச்சிட்டேன்."

 என் சத்தம் பிளேட் ரூம் முழுக்கக் கேட்டது. "அது மருந்து இல்லங்க. அதான் உசுரு. புதுசு விளுந்தா ஏறி வர்றதுக்கு வச்சிருந்த ஏணி. அதப்போயி தொடச்சிட்டு வந்து ரசம் கேட்டுக் குடிச்சிருக்கீக" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். டிசைன் போடும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் திரையைப் பார்த்தார். எழுத்துகள் ஓடி, நின்று, கறுத்தன. மறுபடி ஓடின. அவருக்கு அப்போதுதான் புரிந்தது.  வெந்த கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டார்.

"அங்கன நான் செஞ்சா அது சரியா இருக்கு. அதே சோலிய இங்கன செஞ்சா தப்பாயிருது" என்றார் மெதுவாக. "அப்ப நான் அங்கயே போயிர்றேன். இன்னைக்கு வாறேன்னு சொல்லிர்றேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.  சர்வர் விழுந்ததும், இரண்டு நகலும் போனதும் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, விடை வந்தவர் மாதிரிச் சொன்னார். ஆளைக் கொல்லக்கூடிய இடத்தில் அவர் செய்வது சரி. ஒரு எறும்பும் சாகாத இடத்தில் அவர் செய்வது நாசம்.  இல்லை என்று சொல்ல முடியுமா?

அப்போதுதான் வேறு ஒன்று ஞாபகம் வந்தது.

"வீட்டுல இருக்க பெட்டி" என்றேன். "சோதன போடுறது. அதுலயும் பளச நான் நீக்கல. அதயும் தொடச்சிட்டீகளா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இல்ல. அத இன்னைக்குச் சாயந்தரம் பண்ணலாம்னு இருந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வண்டிய எடுங்க" என்றேன்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. லேபிள் கட்டு ஏற்றிய ஆட்டோக்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் வெயிலில் நின்றோம். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். தோள் வழியாக நானும் பார்த்தேன். ஆலை முதலாளிதான்.  "அப்பறமாப் பேசுறேன் முதலாளி, ரோட்டுல நிக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ரயில் இன்னும் வரவில்லை. அவர் முன்னால் பார்த்தபடியே, "ஒரு கைப்பிடிதான் இருந்திருக்கும்" என்றார்.

"எது?"

"அந்த ரூமுல. ஒரு கைப்பிடி மருந்து. நாளைக்கு ஆவும்னு வச்சிருக்கான். நல்லதுக்குத்தான் வச்சிருக்கான்."

அந்த விபத்தைப் பற்றி அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் நான் அந்தக் கைக்கு மருந்து தடவியிருக்கிறேன். இது தெரியாமல் இருந்திருக்கிறேன். நாளைக்கு ஆகும் என்று வைத்த ஒன்று ஒருவரைக் கொன்றதைப் பார்த்தவரிடம், நாளைக்கு ஆகும் என்று ஒன்றை வைத்துவிட்டு, காவலுக்கும் அவரையே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.  அவர் முதுகில் கையை மட்டும் வைத்துக்கொண்டேன். ரயில் வந்தது, போனது, கேட்டைத் தூக்கினார்கள்.

வீட்டில் பெட்டியை எழுப்பினேன். மெனுவில் இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரியைப் பார்த்து நான் கும்பிட்டேன், பொய் சொல்லவில்லை. பழைய கெர்னலையும் அதோடு சேர்ந்தவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். முதன்முதலில் சர்வரில் டெவலப்மென்ட் வெர்ஷனை ஏற்றிய இன்னொரு பென் டிரைவ் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அந்தப் பழைய பென் டிரைவிலிருந்து சர்வரை எழுப்பினேன். அது எழுந்துவிட்டது. ஆனால் டிஸ்க்கைப் படிக்குமா என்பதுதான் கேள்வி. கட்டளையைத் தட்டினேன். அமைப்பை மாற்றிக்கொள்கிறாயா என்று கொஞ்சிய அந்த வரிக்கு ஒருமுறை மசிந்திருந்தால் இங்கே எல்லாம் முடிந்திருக்கும். டிஸ்க் திறந்தது. டிசைன்கள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவரைக் கூப்பிட்டேன். தூரத்தில் பிளேட் அடுக்கின் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"வந்து வாசிங்க. நான் தட்டுறேன்."

"நான் எதுக்கு? பெறகு அதுலயும் ஏதாச்சும்."

"வாசிக்கத்தான சொன்னேன். வாங்க."

வந்தார். எங்கே எதை வைக்க வேண்டும் என்று நான் தாளில் எழுதியதை அவர் எழுத்து எழுத்தாக வாசித்தார், நான் தட்டினேன். மருந்து எடை சொல்லுவது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒரு எழுத்தும் பிசகவில்லை. பழையதை அதன் இடத்தில் வைத்தோம். புதியதையும் அழிக்காமல் ஓரமாக வைத்தேன், எங்கே தோற்றது என்று சிஸ்டத்தை எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு எழுப்பினேன். எழுந்தது. பாதியில் நின்ற வேலையை எடுத்தது. விழவில்லை. பிளேட் மிஷின் உறுமிக்கொண்டு முதல் பிளேட்டை வெளியே தள்ளியது. வாசலில் நின்றிருந்த மிஷின்மேன் ஒருவர் அதைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு ஓடினார்.

முதலாளி எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேறொன்றும் கேட்கவில்லை.

லோடு ஏறுகிற நேரம். கீழே லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் திரைக்கு முன்னால் நின்று, நான் தாளில் எழுதித் திரையோரம் ஒட்டியிருந்த மெனுவின் இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது ரெண்டும் இப்பிடியேதான் இருக்குமா?"

"இருக்கும்."

"ராத்திரியிலயும்?"

"ராத்திரியிலயும். சிஸ்டம் எளுதுறவங்க அதச் சரி பண்ணி அடுத்தது வரணும். அத ஏத்தி, சீசன் சோலியத் தாங்குதான்னு பாக்கணும். அதுவர பளசு இங்கனதான் இருக்கும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. உடம்பே சொன்னது. கழுத்தைத் தடவிக்கொண்டார், கதவைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. இந்த முறை அவர் எடுத்துக் காதில் வைத்தார். நான் கையில் இருந்த பிளேட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.  

அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். இவர் "உம்" கொட்டினார். "சீசன்தான், தெரியும்" என்றார். "நல்ல ஆளு கெடைக்கது கஷ்டந்தான்" என்றார். 

பிறகு சொன்னார்: "இல்ல முதலாளி. என்னால வர முடியாது. இங்கன மிச்சம் வச்சிருக்கு. மிச்சம் இருக்க எடத்த விட்டு நான் எப்பிடி வருவேன்? வேற ஆளு பாத்துக்கிடுங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து, சர்வருக்கும் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.  "நீ போயி ஒலய வை. நான் பாத்துட்டு வாறேன்" என்றார். அன்றைக்கு அவர் வரும்போது சோறு ஆறித்தான் போயிருந்தது. நான் கத்தவில்லை.

அடுத்த வெர்ஷன் வந்தது. ஏற்றினோம், சீசன் வேலையைத் தாங்கியது. அதற்குப் பிறகும் எத்தனையோ வந்துவிட்டன. பழசை எடுத்துரலாமா என்று அவர் இன்றைக்கும் கேட்கிறார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த மெனுவில் இரண்டாவது வரி இல்லாத ஒரு நாளைக்கூட நான் அவருக்கு விட்டு வைக்கவில்லை.